ஓர வரிசைச் சோளம்

எங்க அண்ணியைப் பத்தி நானே நாலு நல்ல வார்த்தை சொல்லுவேன்னு முன்னாடி யாராவது சொல்லியிருந்தா, போய் வேலையைப் பாருன்னு விரட்டி விட்டிருப்பேன். நாத்தனாரும் அண்ணியும் ஒத்துப்போனதா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? அதுலயும் எனக்கு மூக்கு மேல கோபம். விதைக் கம்பெனியில எனக்குப் பேரே பட்டாசுதான். ஆனா ஒண்ணு, உள்ளதை உள்ளபடி சொல்லுவேன். அந்தப் பொம்பளை மாதிரி ஒரு பிடிவாதக்காரியை நான் என் வாழ்நாள்ல பார்த்ததில்ல.

அண்ணிக்கு வேலை என்னன்னு கேட்டா, மக்காச்சோளத்துக்குச் சம்பந்தம் பேசுறதுன்னு நான் சொல்லுவேன். கம்பெனியில பிரீடர்னு சொல்லுவாங்க. எந்தச் சோளத்தோட எதைச் சேர்த்தா நல்ல விதை வரும்னு பார்த்து, புது ரகம் உண்டாக்குற வேலை. மக்காச்சோளத்துல ஆண்பூ செடி உச்சியில கொண்டை மாதிரி நிக்கும். பெண்பூ இடுப்பு உயரத்துல கதிரா வந்து நுனியில நூல் தள்ளும். ரெண்டுக்கும் காகிதப் பை மாட்டி மூடி வச்சு, வேணுங்கிற செடியோட பூந்தூளை வேணுங்கிற கதிர் மேல தட்டணும். மூடாம விட்டா காத்து தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணி வச்சிடும். அந்தக் கல்யாணம் எங்களுக்கு ஆகாது.

நான் அதே கம்பெனியில விதைக் கொட்டகையைப் பார்த்துக்கிறேன். கதிர் வந்தா காய வைக்கணும், உதிர்க்கணும், சலிக்கணும், பையில கட்டணும். தூசிக்கு மூக்கு முகமெல்லாம் துணி கட்டிக்கிட்டு நிப்பேன், துணிக்கு வெளியில என் சத்தம் மட்டும் கேட்கும். அண்ணனும் அண்ணியும் அவங்க பொண்ணும் மாடியில, நான் கீழ. கிணறு மோட்டார் ரிப்பேர் பண்றது அண்ணனுக்குத் தொழில். குளியலறை எல்லாருக்கும் ஒண்ணுதான். இதை எதுக்குச் சொல்றேன்னு அப்புறம் தெரியும்.

கம்பெனி விக்கிற விதை அத்தனைக்கும் தாய்ச்செடி ஒரே ரகம். தங்கமான தாய். குட்டையா, நேரா, சாயாம நிக்கும், கதிர் ஒவ்வொண்ணும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். பை மேல போடுற பேரு மட்டும்தான் மாறும், தாய் மாறாது. எல்லாரும் அதுல மெய்மறந்து கிடந்தப்ப, அண்ணிக்கு மட்டும் அது சரியாவே படல.

"ஒரே வீட்டுக்குள்ளயே பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்துக்கிட்டு இருக்கோம். நாளைக்கு ஒரு நோய் வந்து ஒண்ணு படுத்தா, எல்லாமே சேர்ந்து படுத்துடும்"னு கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவாங்க.

எங்க மேலாளருக்கு அது காதுல ஏறவே ஏறாது. அவருக்கு நாங்க வச்ச பேரு மகசூல். காலையில வணக்கம் சொன்னா பதிலுக்கு "மகசூல் எவ்வளவு?"ன்னு கேட்பார். அவரோட பேரப்பிள்ளை பிறந்த சேதியைப் போன்ல சொன்னப்ப, ஆணா பெண்ணான்னு கேட்கல, எத்தனை கிலோன்னுதான் கேட்டாராம். கெட்டவர்னு சொல்ல மாட்டேன். அவருக்கு மேல இருக்கிறவங்க அவர்கிட்ட அதைத்தானே கேட்கிறாங்க.

ஆனா கொடாக்கண்டனுக்கு ஒரு விடாக்கண்டன் வேணுமில்ல. அண்ணி அவர் அறை வாசல்ல ஒத்தைக் கால்ல நின்னு, கடல் தாண்டி இருக்கிற ஒரு விதைக் காப்பகத்துல இருந்து ஒரு மலைச்சோளத்தை வரவழைச்சாங்க. அந்த மலையில இலைக்கருகல் நோய் எப்பவும் இருக்குமாம், இந்தச் சோளம் அதை ஒரு பொருட்டாவே எடுத்துக்காதாம். பொட்டலத்தைப் பிரிச்சுக் காட்டினப்ப நான் சிரிச்சே விட்டேன். மணி ஒண்ணு மஞ்சள், ஒண்ணு ஊதா, ஒண்ணு சூம்பிப் போய்க் கிடந்தது.

"இதுதான் மாப்பிள்ளையா? பொண்ணு வீட்டுல சம்மதிப்பாங்களா அண்ணி?"ன்னு கேட்டேன்.

"மாப்பிள்ளை ரத்தம்தான் வேணும், முகரை வேண்டாம்"னாங்க. அன்னையில இருந்து அந்தச் சோளத்துக்கு மாப்பிள்ளைன்னே பேரு நிலைச்சுப் போச்சு.

பம்ப் அறைக்குப் பின்னாடி குப்பை கொட்டிக்கிட்டு இருந்த ஒரு துண்டு நிலத்தை மகசூல் அண்ணிக்கு ஒதுக்கினார். முதல் பருவத்துல மாப்பிள்ளை வளர்ந்தாரு பாருங்க, பம்ப் அறைக் கூரையைத் தாண்டிப் போயிட்டாரு. பூக்கிற வழியைத்தான் காணோம். நம்ம சோளம் பூத்து, கதிர் வச்சு, அறுத்து, நான் பையில கட்டி அனுப்பியும் ஆச்சு. மாப்பிள்ளை அப்பவும் இலையை ஆட்டிக்கிட்டு நின்னாரு. ஒரு காத்து அடிச்சது, மொத்தமும் விழுந்தது. கம்பெனியே வேடிக்கை பார்த்துச் சிரிச்சது. நானும்தான் சிரிச்சேன்.

அண்ணி சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல, காரணத்தைத் தேடிப் பிடிச்சாங்க. விஷயம் என்னன்னா, அந்த மலைப்பக்கம் பகலும் ராத்திரியும் வருஷம் பூராவும் ஏறக்குறைய சமம். நீளமான ராத்திரியைப் பார்த்தாத்தான் அது பூக்கும். நம்ம பக்கம் பயிர்க் காலத்துல பகல் அதை விட நீளம், இந்தச் சோளத்துக்கு அந்த வித்தியாசமே ஒத்துக்காது. அதனால சின்னச் செடியா இருக்கும்போதே, சில வாரத்துக்குச் சாயங்கால வெயில் இருக்கிறப்பவே மேல எதையாவது கவுத்து இருட்டாக்கணும். காலையில எடுத்து விடணும். ராத்திரி நீளம்னு அது நம்பி ஏமாந்து பூக்கும்.

சரி, எதைக் கவுக்கிறது? கம்பெனியில கேட்டா மகசூல் தர மாட்டேன்னுட்டார். ஒருநாள் வேலை முடிஞ்சு அழுக்கோட வந்து குளிக்கப் போறேன், பக்கெட் இல்ல. அண்டா இல்ல. துணி ஊற வைக்கிற டப்பா கூட இல்ல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மாடிப்படி அதிர ஏறிப் போனேன்.

"ஏன் அண்ணி, ஊரான் வீட்டுச் சோளத்துக்குப் போர்த்தி விடுறதுக்கு நான் குளிக்காமக் கிடக்கணுமா?"

"ஒரு மாசம்தான். நீ என் குளியல் சொம்பை எடுத்துக்க"ன்னு சாவகாசமா நீட்டினாங்க. என்னத்தைச் சொல்ல! சண்டைக்குப் போனவ சொம்போட இறங்கி வந்தேன்.

அப்புறம் அண்ணன் பழைய டிரம்களை எங்கெங்கயோ தேடி வாங்கி, அடியை விட்டுட்டு வாயை அறுத்துக் கறுப்பு பெயிண்ட் அடிச்சுக் குடுத்தான். பொண்டாட்டி மேல அவனுக்கு இருந்த பாசத்தை அன்னைக்குத்தான் நானே பார்த்தேன். அவங்க பொண்ணு ஒரு நாள் என் மடியில வந்து உட்கார்ந்துக்கிட்டு, "அத்தை, அம்மா தினமும் சோளத்தைத் தூங்க வைக்கிறாங்க, என்னை மட்டும் தூங்க வைக்க மாட்டேங்கிறாங்க"ன்னுச்சு. எனக்குச் சுருக்குன்னுது. மாடிக்குக் கேட்கிற மாதிரி சத்தமா நாலு வார்த்தை பேசினேன். அன்னையில இருந்து பொண்ணையும் கூட்டிக்கிட்டுத்தான் டிரம் கவுக்கப் போனாங்க.

இடையில அண்ணிக்குக் கடுமையான காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியல. சாயங்காலம் ஆச்சு, எழுந்து செருப்பைத் தேடுறாங்க. "ஒரு நாள் விட்டா என்ன, குடியா முழுகிடும்?"னு கத்தினேன். "ஒரு நாள் விட்டா அது மறுபடியும் பகல்னு நினைச்சுக்கும், இத்தனை நாள் பண்ணினதும் போச்சு"ன்னாங்க. அந்த உடம்போட சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கல. திட்டிக்கிட்டே படுக்க வச்சிட்டு நானே போனேன். ஒவ்வொரு செடியா டிரம்மைக் கவுத்து, காத்து தள்ளாம மேல கல் வச்சேன். அன்னைக்கு எனக்குள்ளயும் ஏதோ தொத்திக்கிச்சு. மறுநாள் அண்ணி எழுந்த பிறகும் நான் போறதை நிறுத்தல.

மாப்பிள்ளை பூத்தாரு. நம்ம தாய்க்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது. பிறந்ததுங்க ஒண்ணொண்ணும் ஒரு தினுசு. ஒண்ணு வளர்ந்து கெட்டது, ஒண்ணு கோணல், ஒண்ணு ஊதாத் தண்டு, ஒண்ணு அம்மா மாதிரி லட்சணம். அடுத்தடுத்த பருவத்துல லட்சணமா இருக்கிறதையே பொறுக்கி, மறுபடியும் தாயோட சேர்த்து, அதுலயும் நல்லதைப் பொறுக்கி... இப்படியே போச்சு. பொறுக்கின கதிர் என் கொட்டகைக்கு வந்து குளிர் அறைக்குப் போகும். கோணலும் மாணலும் கழிவு மூட்டைக்குப் போகும்.

கழிவு மூட்டையை நாங்க தூக்கிப் போட மாட்டோம். சோதனை வயல்னு ஒண்ணு இருக்கு, ரகங்களைப் பக்கத்துப் பக்கத்துல விதைச்சு மகசூலை அளக்கிற இடம். அதோட நாலு பக்கமும் ஓரத்துல ரெண்டு வரிசை சும்மா விதைப்போம். ஓரத்துச் செடிக்கு வெயிலும் காத்தும் கூடக் கிடைக்கும், அதைச் சேர்த்து அளந்தா கணக்கு தப்பும். அதனால ஓர வரிசையை யாரும் அளக்க மாட்டாங்க, திரும்பியும் பார்க்க மாட்டாங்க. மாடு மேஞ்சாக்கூடக் கேட்க நாதி இல்ல. அதுக்கு எதுக்கு நல்ல விதை? கழிவு மூட்டையில கையை விட்டு அள்ளிக் குடுக்கிறதுதான் எங்க கொட்டகை வழக்கம்.

பருவம் போகப் போக, அண்ணியோட செடிங்க கண்ணுல ஒத்திக்கிற மாதிரி ஆயிடுச்சு. குட்டையா, நேரா இருக்கு, சீக்கிரம் பூக்குது, கதிர்ல மணி வரிசை பிசகாம நிக்குது. மகசூல் வந்து பார்த்துட்டு முதல் தடவையா பல்லைக் காட்டினார். "இதைத்தானம்மா நான் கேட்டேன்"னார். பெரிய சோதனை வயல்ல கம்பெனி ரகங்களோட சேர்த்து விதைக்கச் சொன்னார். கூடவே கண்டிஷனும் போட்டார். "இதுதான் கடைசிப் பருவம். தேறிச்சுன்னா வியாபாரத்துக்கு எடுத்துக்கலாம். தேறலன்னா மாப்பிள்ளை கதை முடிஞ்சது. அந்தத் துண்டு நிலத்துல வண்டிக் கொட்டகை கட்டப் போறேன். நீங்க விற்பனை மேசைக்குப் போயிடுங்க."

அண்ணியை விற்பனைக்கு அனுப்புறதா! சேர்ந்தாப்ல ரெண்டு பொய் சொல்லத் தெரியாத மனுஷி அவங்க. செடி இல்லாத இடத்துல அவங்களை உட்கார வச்சா, தண்ணிக்கு வெளிய போட்ட மீனாட்டம் துடிச்சுப் போயிடுவாங்கன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு வீட்டுல யாரும் சரியா சாப்பிடல.

அந்தப் பருவத்துலதான் நோய் வந்தது. கதிர்ல மணி பிடிக்கிற நேரம், விடாத தூறல், வெயிலே இல்ல. அடி இலையில சாம்பல் கலர்ல நீள நீளமா புள்ளி விழுந்தது. ஒரு வாரத்துல மேல் இலைக்கு ஏறிச்சு. இலைக்கருகல். கம்பெனி ரகம் எல்லாம் நெருப்பு பட்ட மாதிரி கருகிச்சு. அண்ணி பல வருஷமா எதைச் சொல்லி வாயடிச்சாங்களோ அது நடந்தே போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்கூட வந்தது, மறைக்க மாட்டேன். இப்ப நம்ம செடி மட்டும் பச்சையா நிக்கும், மகசூல் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும்னு ஓடினேன்.

போய்ப் பார்த்தா, அண்ணியோட அழகுச் செடிங்களும் அதே மாதிரி கருகிக்கிட்டு நிக்குது. ஒண்ணுகூட மிச்சம் இல்ல.

அண்ணி வரப்புல உட்கார்ந்திருந்தாங்க. சேறு புடவையில அப்பியிருந்தது, அதைத் தட்டக்கூட இல்ல.

"பட்டாசு, நான் பண்ணின காரியத்தைப் பார்த்தியா? மாப்பிள்ளை வேணும்னு கொண்டு வந்தேன். அப்புறம் பருவத்துக்குப் பருவம் அம்மா ஜாடையில இருக்கிறதையே பொறுக்கினேன். அவர் ஜாடை தெரிஞ்சதை எல்லாம் கழிச்சேன். கழிச்சுக் கழிச்சு அவரையே வீட்டை விட்டு விரட்டிட்டேன். இது புது ரகமே இல்லடி. நம்ம பழைய தாயையே சுத்தி வளைச்சுத் திரும்பக் கொண்டு வந்திருக்கேன்."

எனக்குக் கோபம் யார் மேல வரணும்னே தெரியல. "அழகு சோறு போடாதுன்னு உங்க பொண்ணுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கீங்களே அண்ணி"ன்னு மட்டும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவங்க முகத்தை மூடிக்கிட்டு அழுதாங்க. அவங்க அழுது நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

மகசூல் வந்தார். வயலைப் பார்த்தார். "இனி அளக்க என்ன இருக்கு? நோய் பரவுறதுக்குள்ள எல்லாத்தையும் உழுதுடுங்க"ன்னு டிராக்டருக்குச் சொல்லி விட்டார். அண்ணிகிட்ட, "திங்கக்கிழமை விற்பனை மேசைக்கு வந்துடுங்கம்மா"ன்னார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. அவருக்கும் நல்ல நாள் இல்ல அது.

அண்ணி எழுந்து வயலைச் சுத்தி நடந்தாங்க. கடைசியா ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு நினைச்சிருப்பாங்க. நானும் பின்னாடியே போனேன். மேற்கு ஓரத்துல சட்டுன்னு நின்னுட்டாங்க.

ஓர வரிசையில, கருகின செடிங்களுக்கு நடுவுல, அங்கொண்ணும் இங்கொண்ணுமா சில செடி பச்சைப்பசேல்னு நிக்குது. பார்க்கச் சகிக்கல. ஒண்ணு பக்கத்துச் செடி தோள்ல கை போட்டுச் சாய்ஞ்சு கிடக்கு, ஒண்ணு ஊதாத் தண்டோட ஆளை விட உயரமா நிக்குது. உள்ள எல்லாம் மணி பிடிச்ச பிறகு, இதுங்க இப்பத்தான் நூல் தள்ளுது.

அண்ணி ஒரு தண்டைத் தடவிப் பார்த்தாங்க. "இது என் மாப்பிள்ளையோட புள்ளைங்கடி. இங்க எப்படி வந்துச்சு?"

"வேற எப்படி? நீங்க கழிச்ச மூட்டையில இருந்துதான் ஓரத்துக்கு அள்ளிப் போடுறோம். அதுவும் உங்களுக்குத் தெரிஞ்ச வழக்கம்தானே"ன்னேன்.

தெரிஞ்ச வழக்கம்தான். ஓரத்தை எந்த பிரீடரும் பார்க்கிறதில்ல, அவங்களும் பார்க்கல. அவ்வளவுதான்.

கண்ணைத் துடைச்சாங்க. அந்தப் பழைய அண்ணி திரும்பி வந்துட்டாங்க. "பையைக் கொண்டா. காகிதப் பை, கிளிப்பு, எல்லாம். ஓடு!"ன்னாங்க. என்னை யாரும் அப்படி அதட்ட விட மாட்டேன். அன்னைக்கு ஓடினேன்.

நாங்க கொண்டைக்குப் பை மாட்டிக்கிட்டு இருக்கும்போதே டிராக்டர் வந்துடுச்சு. உள்ள உழ ஆரம்பிச்சுது. மகசூல் வரப்புல நின்னு கையை ஆட்டுறார்.

"அம்மா, வெளிய வாங்க! ஓரத்தையும் சேர்த்துத்தான் உழச் சொன்னேன்!"

அண்ணி நிமிரவே இல்ல. ஒரு பையை மாட்டி, மடிச்சு, கிளிப்பைக் குத்திட்டு அப்புறம்தான் பேசினாங்க. "உள்ள இருக்கிறது உங்க வயல் சார், உழுதுக்குங்க. இது ஓரம். ஓரத்துக்குக் கணக்கே கிடையாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"அதுல போய் யாராவது ரகம் எடுப்பாங்களா?"

"நான் எடுப்பேன்."

டிராக்டர் ஓட்டுறவர் எங்க பக்கம் வந்து வண்டியை நிறுத்தினார். அண்ணியைப் பார்த்தார், மகசூலைப் பார்த்தார். "சார், ஓரம் வரைக்கும் கலப்பை போகாது, வண்டி திரும்பாது"ன்னு முகத்துல சிரிப்பே காட்டாமச் சொன்னார். வருஷா வருஷம் வரப்பு வரைக்கும் உழுற ஆளு! நான் துணியை வாயில வச்சு அடைச்சுக்கிட்டேன். மகசூல், "என்னமோ பண்ணுங்க. ஆனா திங்கக்கிழமை திங்கக்கிழமைதான்"னுட்டுப் போயிட்டார்.

அண்ணி விற்பனை மேசைக்குப் போனாங்க. விடியற நேரத்துல வயலுக்குப் போய், அந்தந்தச் செடியோட பூந்தூளை அதோட கதிருக்கே தட்டிட்டு, காலைக் கழுவிட்டு, மேசைக்குப் போவாங்க. அந்த மேசை எப்படிப்பட்டதுன்னா, கருகின பயிரோட விவசாயிங்க சண்டைக்கு வர்ற இடமே அதுதான். மத்தவங்க மழையைச் சொல்லுவாங்க, உரத்தைச் சொல்லுவாங்க. அண்ணி, "ஆமாங்க, தப்பு எங்க விதை மேலதான். இந்த நோயைத் தாங்குற குணம் இதுல இல்ல"ன்னு நேருக்கு நேர் சொல்லிட்டாங்க. ஒவ்வொருத்தரா வந்து கேட்டுட்டு, பணத்தைத் திருப்பிக் குடுன்னு மகசூல் அறைக்கு நேராப் போனாங்க. அவர் தலையில கை வச்சு உட்கார்ந்துட்டார்.

சீக்கிரமே அண்ணியைக் கூப்பிட்டு விட்டார். "உங்களை அங்க வச்சிருந்தா என்னைத்தான் வித்துடுவீங்க. வயலுக்கே போயிடுங்க. ஆனா அந்தத் துண்டு நிலம் கிடையாது, கொட்டகை கட்டியாச்சு. மாப்பிள்ளைக்குன்னு ஒரு அடி நிலம் தர முடியாது."

"நிலம் வேண்டாம் சார். எல்லாச் சோதனை வயல்லயும் வெளிப்பக்க ஓர வரிசையை மட்டும் எனக்கு விடுங்க. உள்பக்க வரிசை உங்களுடையதாவே இருக்கட்டும்."

மகசூல் வாய் விட்டுச் சிரிச்சாராம். "அதுல என்னம்மா மகசூல் வரும்?"

"அதைத்தான் யாரும் அளக்க மாட்டாங்களே சார்."

தாராளமா எடுத்துக்குங்கன்னுட்டார். கம்பெனிக்கு எத்தனை வயல், ஒவ்வொண்ணுக்கும் நாலு பக்கம், அத்தனையும் சேர்த்தா அந்தத் துண்டு நிலத்தை விட எவ்வளவு பெரிசுன்னு அவர் கூட்டிப் பார்க்கல. வீட்டுக்கு வந்து அண்ணி சொன்னப்ப, அண்ணன் சோத்துத் தட்டோட எழுந்து நின்னு சிரிச்சான்.

அதுக்கப்புறம் நடந்ததைக் கேட்டா பைத்தியம்னுதான் நினைப்பீங்க. கருகின இலையைப் பறிச்சுக் காய வச்சுப் பொடி பண்ணி, வயலுக்குள்ள பரவாதபடி மழையில்லாத நாளாப் பார்த்து, இளஞ்செடி குருத்துல அண்ணியே தூவுவாங்க. நோயை வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிற மாதிரி! எது தாங்கி நிக்குதோ அது கூனா இருந்தாலும் குருடா இருந்தாலும் எடுத்துக்கணும், நம்ம தாயோட சேர்க்கணும், மறுபடியும் நோயைத் தூவணும். பளபளன்னு நின்னாலும் புள்ளி விழுந்துச்சா, வெட்டு. என் கொட்டகையில எல்லாம் தலைகீழா ஆச்சு. அழகான கதிர் கழிவு மூட்டைக்கும், பல்லு விழுந்த கதிர் குளிர் அறைக்கும் போச்சு. புதுசா வேலைக்கு வந்தவங்க மாத்திப் போட்டுட்டா என் வாயிலதான் விழுவாங்க. பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் கொஞ்சமா உயரம் குறைஞ்சது, சாய்றது நின்னது. ஆனா அவசரப்பட்டு அழகைத் தேடல. தேடணும்னு அவங்களுக்குக் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். கையைக் கட்டிக்கிட்டு நடப்பாங்க.

அப்புறம் ஒரு பருவம், அதே தூறல், அதே வெயில் இல்லாத வானம். நோய் போன தடவையை விட மோசமா வந்தது. வயல் வயலா கருகிச்சு. மகசூல் வண்டியை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு இடமா போய்ப் பார்த்திருக்கார். எங்க போனாலும் ஒரே காட்சிதான். நடுவுல மொத்தமும் காய்ஞ்சு கிடக்கு, சுத்தி நாலு பக்கமும் கரை போட்ட துணி மாதிரி பச்சை. ஒரு வயல்ல பார்த்திருந்தா ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்னு விட்டிருப்பார். எல்லா வயலும் சொன்னா என்ன பண்ணுவார்?

நேரா என் கொட்டகைக்கு வந்தார். அண்ணி கதிர் உதிர்த்துக்கிட்டு இருந்தாங்க. மனுஷன் வணக்கம்கூட சொல்லல.

"அம்மா, விதை எவ்வளவு இருக்கு?"

அண்ணி கையில இருந்த கதிரைத் திருப்பிப் பார்த்தாங்க. கதிர் கொஞ்சம் வளைவுதான். "மகசூல் கம்மி சார்"னாங்க.

என் இத்தனை வருஷ வேலையில நான் கேட்காத ஒரு வார்த்தையை அந்த மனுஷன் அன்னைக்குச் சொன்னார்.

"மகசூல் கிடக்கட்டும்மா."

கொட்டகையில எல்லாரும் கையை நிறுத்திட்டு அவரைப் பார்த்தாங்க. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. தூசின்னு சொல்லிக்கிட்டேன்.

அண்ணி மட்டும் அசரல. "வியாபாரத்துக்கு ஆகுறதுக்கு இன்னும் சில பருவம் வேணும் சார். கம்பெனித் தாயை அப்படியே விடக் கூடாது, அதுக்கு இந்தக் குணத்தை ஏத்தணும். ஏத்திடலாம்"னு சொல்லிட்டு, உதிர்த்து முடிச்ச கட்டையைக் கூடையில போட்டாங்க. "அப்புறம் அந்த வண்டிக் கொட்டகையைக் கொஞ்சம் எடுத்துடுங்க. எனக்கு டிரம் கவுக்க இடம் வேணும். தண்டழுகலைத் தாங்குற சோளம்னு இன்னொரு பொட்டலம் வந்திருக்கு."

மகசூல் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? அவங்க எனக்கு அண்ணி, ஆனா எனக்கே அடங்க மாட்டாங்க. சரிம்மான்னு தலையாட்டிட்டுப் போனார்.

நான் அன்னைக்கு வேலையை முடிச்சுட்டு அண்ணிக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து, குளியலறை பக்கெட்டை எடுத்து என் கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சேன்.